கட்டுநாயக்காவில் பெட்டி வராவிட்டால்

ரொறொன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்ததும் எல்லோருடைய கண்ணும் கிலோவில்தான் நிற்கும். பார்க்கவேண்டியது கைப்பிடியில் ஒட்டுகிற நீளக் கடதாசியை. அதில் பெரிதாக அடித்திருக்கும் மூன்றெழுத்துத்தான் பெட்டி போய்ச் சேரும் இடம். கொழும்பென்றால் சிஎம்பி. அந்த இடத்தில் லண்டனின் எல்எச்ஆர் இருந்தால் பெட்டி லண்டனோடு நின்றுவிடும். நீங்கள் குடிவரவைத் தாண்டிப் போய் எடுத்து, திரும்பக் கொடுக்கவேண்டும். மலிவென்று லண்டன்வரை ஒரு டிக்கெட்டும் அங்கிருந்து இன்னொன்றுமாக எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. கவுண்டரை விட்டு நகர முன்னம் வாசியுங்கள். உங்களுக்குத் தரும் சிறு துண்டில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இடையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நீங்கள் ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடலாம். பெட்டியை முதல் விமானத்திலிருந்து இறக்கி, பாதுகாப்புச் சோதனை செய்து, பிரித்து, மற்ற விமானத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் விமானம் பிந்தினால் பிந்திய அவ்வளவும் இந்த வேலைக்கான நேரத்திலிருந்துதான் போகும். வளைகுடாவில் மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைவெளி வேண்டாம் என்று என் சொந்தங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

1985 யூன் 23இல் அயர்லாந்துக்கு அருகே எயார் இந்தியா 182 வெடித்து 329 பேர் இறந்தார்கள். வான்கூவரில் ஏற்றி ரொறொன்ரோவில் அந்த விமானத்துக்கு மாற்றிய பெட்டிக்குள் குண்டு இருந்தது. பெட்டியைக் கொடுத்தவன் ஏறவேயில்லை. ஆள் ஏறாவிட்டால் பெட்டியை இறக்கு என்ற விதி அதன் பிறகுதான் இறுகியது. ஆகவே நீங்கள் விமானத்தைத் தவறவிட்டால் பெட்டி உங்களுக்கு முன்னால் போய்க் கொழும்பில் காத்திருக்கும் என்று எண்ணவேண்டாம். ஆனால் ஆள் போய்ச் சேர்ந்து பெட்டி பின்தங்குவது அடிக்கடி நடக்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

ரொறொன்ரோ விமானம் பிந்தியது. நான் ஓடிப்போய் அடுத்த விமானத்தில் ஏறினேன். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் பெல்ட் சுற்றி நின்றபோது என் பெட்டி இல்லை. விமான நிறுவனத்தின் ஆள் ஒரு படிவத்தை நிரப்பி, “வீட்டுக்குப் போங்கோ, போன் பண்ணுவம்” என்றார். வீடு யாழ்ப்பாணத்தில். ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். படிவத்தில் இருந்த இலக்கம் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருவழியாக எடுத்தபோது, பெட்டி வந்து கிடக்கிறது, கடவுச்சீட்டோடு நேரில் வரவேண்டும் என்றார்கள். இரவு பஸ் எடுத்துப் போனேன். அந்த நிறுவனத்தின் விமானம் வருகிற நேரத்தில் மட்டும்தான் அந்த அலுவலகம் திறக்குமாம். அது உள்ளே, நான் வெளியே. உள்ளே போவதற்கு அவர்களுடைய கடிதம் வேண்டும், கடிதம் கேட்க அவர்கள் போனை எடுக்கவேண்டும். வாசற்காவலில் நின்ற பெடியன் பாவம், தன் போனிலிருந்தும் அடித்துப் பார்த்தான். அன்று மூடிவிட்டார்கள். அடுத்த நாள் உள்ளே போனதும் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துச் சில நிமிடத்தில் விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. நான் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது, “அதுக்குள்ள என்னடா கிடக்கு, இஞ்ச கடையில இல்லாத சாமான்?” என்று கேட்டார். அவரோடு இருக்கவென்று வேலையிடத்தில் கெஞ்சி வாங்கிய லீவு அது. அதை ஒரு கதவுக்கு வெளியே கழித்தேன். எந்தக் கோரிக்கைப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.

ஆகவே பெட்டி வராவிட்டால் மண்டபத்தை விட்டு வெளியே வர முன்னமே எல்லாவற்றையும் முடியுங்கள். பெட்டி வரவில்லையென்று பதிகிற பிஐஆர் என்ற படிவத்தின் பிரதியை வாங்குங்கள். அதில் சிஎம்பி என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருக்கும், அதை வைத்து இணையத்தில் பெட்டியைத் தேடலாம். கடைசியாக எங்கே ஸ்கேன் ஆனது என்று கேளுங்கள். பெட்டி கைமாறும் இடங்களில் பதிவு வைக்கவேண்டும் என்று விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம் 2018 யூனிலிருந்து சொல்கிறது, எனவே அது கேட்கக்கூடிய கேள்விதான். கொழும்பில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் அவர் எடுக்கலாமா, அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். கடவுச்சீட்டில் வருகை முத்திரை விழுந்த பக்கத்தின் பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள். திருச்சி, மதுரைக்கு டெல்லி, மும்பை வழியாகப் போகிறவர்கள் பொதுவாக அந்த முதல் நகரத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து திரும்பக் கொடுக்கவேண்டும். அதற்கும் நேரம் விடுங்கள்.

பிந்திய நாட்களுக்கு வாங்கிய உடுப்பு, மருந்துக்குப் பற்றுச்சீட்டை வையுங்கள். சர்வதேச விமானப் பயணங்களுக்கான மொன்றியல் உடன்படிக்கைப்படி, பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள் தாமதத்துக்கு எழுத்தில் முறையிடவேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கோரலாம். 2024 டிசம்பர் 28இலிருந்து நட்டஈட்டின் உச்சத்தொகை 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டொலர். அது ஒரு பயணிக்கு, ஒரு பெட்டிக்கல்ல.

மாமி ஒருவர் தந்த சேலையும் என் பெட்டிக்குள் இருந்தது, கொக்குவிலில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு. ரொறொன்ரோவிலிருந்து நாள் தவறாமல் போன் வந்தது: “தம்பி, என்ர சாமான் என்ன மாதிரி?” சடங்கு முடிந்த பிறகுதான் சேலை போய்ச் சேர்ந்தது. மாமி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஊருக்குப் போகமுடியாதவர்கள் இப்படித்தான் தங்கள் பங்கை அனுப்புகிறார்கள். நாள் குறித்த சடங்குக்கென்று யாராவது சாமான் தந்தால், முன்னால் பிரித்துப் பாருங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள், கைப்பைக்குள் வையுங்கள். கைப்பையில் இடமில்லையென்றால் அவருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.