கிட்னி மாற்றியவர்கள் தோல் விஷயத்தில் செய்யக்கூடாதவை

தொடை இடுக்கில் வட்டமாகத் தடித்து அரிக்கிறது. படர்தாமரைதானே என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கித் தடவுவது நம் ஊர் வழக்கம். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் அதைச் செய்யவே கூடாது. அந்த ட்யூப்கள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அரிப்பு சீக்கிரம் அடங்கும், பூஞ்சை அடங்காது. வட்டத்தின் விளிம்பு மங்கி, டாக்டருக்கே அடையாளம் தெரியாதபடி பரவும்.

களிம்பைவிட மாத்திரைதான் எனக்குப் பெரிய பயம். ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள், மாற்றுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளை உடம்பு சிதைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும். ரத்தத்தில் அவற்றின் அளவு ஏறும். கை நடுங்கும், கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடும். தோலுக்குச் சாப்பிட்டது கிட்னியில் போய் நிற்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் இப்படித்தான். சில நேரம் இந்த மாத்திரைகள் தேவைப்படும். அப்போது கிட்னி டாக்டரிடம் சொல்லி, டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். பலரும் மறப்பது அடுத்த கட்டத்தை: பூஞ்சை மாத்திரையை நிறுத்தியதும் அந்த அளவு இறங்கும். பூஞ்சை மாத்திரைக்காக டாக்டர் குறைத்திருந்த டாக்ரோலிமஸ் டோஸை அப்படியே விட்டுவிட்டால் உடம்பு கிட்னியை நிராகரிக்கத் தொடங்கலாம். அதனால் நிறுத்திய பிறகும் டெஸ்ட் அவசியம்.

கிட்னிக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையால் பரு, சைக்ளோஸ்போரினால் முகத்தில் முடி. இளம்பெண்களுக்கு இது எவ்வளவு வேதனை என்பது புரிகிறது. ஆனாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தை மாற்ற டாக்டருக்கு வழி உண்டு.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் வந்தால் அக்கி. காவி குழைத்து அக்கி எழுதி நாளைக் கடத்த வேண்டாம். வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. தாமதமாகிவிட்டாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும், அன்றைக்கே.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்ற நினைப்பும் தவறு. வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்குக் குறைவு, அவ்வளவுதான். வெயிலில் வேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள், நிராகரிப்பைத் தடுக்க அசாதயோப்ரின் என்ற மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம். நமக்குத் தோல் புற்றுநோய் வெயில் படாத இடத்திலும் வரும், பிறப்புறுப்பில், ஆசனவாய் அருகில், மரு போலவே. மருவை முடியால் கட்டி அறுப்பது, ஆசிட் வைப்பது எல்லாம் வேண்டாம். ஒரு மாதமாக ஆறாத புண், வேகமாக வளரும் மரு இருந்தால் சதைப் பரிசோதனை கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தோல் டாக்டரிடம் உள்ளங்கால் வரை காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரையோ ஆண் டாக்டரையோ கேட்டு வாங்கலாம்.