பந்து குழிக்குள் கிடந்தால்: கோல்ஃப் விதிகளின் நியாயத்தைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு குளத்தின் உள்வாயில், பங்குனியில் தண்ணீர் வற்றிய பிறகு, நாங்கள் எட்டுப் பேர் கோல்ஃப் பழகுகிறோம். மலைநகரம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட ஆட்டத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு இடங்களில் தகர டப்பாவைப் புதைத்துக் குழியாக வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு தம்பி அடித்த அடி, அவன் பழகத் தொடங்கிய நாளிலிருந்து அடித்தவற்றில் மிகச் சிறந்தது. பந்து நேராகப் போய் விழுந்து, இரண்டு முறை எழும்பி உருண்டு, கடைசியில் ஓர் எருமையின் குளம்புத் தடத்துக்குள் இறங்கி நின்றது. ஈரத்தில் பதிந்து வெயிலில் ஓடு போல இறுகிய தடம் அது. பந்தின் மேற்பகுதி மட்டும் தெரிந்தது. கோணலாக அடித்த அவனுடைய நண்பனின் பந்தோ கோரைப் புல்லின் மேல் எடுத்து வைத்தாற்போலக் கிடந்தது. "அண்ணாச்சி, நேரா அடிச்சவனுக்குக் குழி, கோணலா அடிச்சவனுக்குப் புல்லா? இது என்ன நியாயம்?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன் என்பதால், அதற்குரிய பதிலை முழுமையாக எழுத விரும்புகிறேன்.

நாம் செய்யும் முதல் தவறு, விதிகளில் உள்ள நிவாரணத்தை, அதாவது பந்தை எடுத்து வேறிடத்தில் போட்டு ஆடக் கிடைக்கும் அனுமதியை, துரதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கப்படும் இழப்பீடு என்று எண்ணுவது. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், மைதானத்தை இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பவையே இந்த ஆட்டத்தின் அடிப்படை. 1744ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் என்னும் இடத்தில் எழுதப்பட்ட பதின்மூன்று விதிகளிலேயே, மனிதரோ குதிரையோ நாயோ வேறெதுவோ பந்தைத் தடுத்து நிறுத்தினால் அது கிடக்கும் இடத்திலிருந்துதான் ஆட வேண்டும் என்று இருக்கிறது. இன்றைக்கு ஸ்காட்லாந்தில் உள்ள ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வகுக்கும் விதிகள் அபராதமின்றி நிவாரணம் தருவது குறிப்பிட்ட சில நிலைமைகளுக்கு மட்டுமே: பழுதுபார்ப்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்ட நிலம், தற்காலிகமாகத் தேங்கிய நீர், விலங்கு தோண்டிய வளை, அசைக்க முடியாத செயற்கைத் தடை போன்றவை. "பாவம், நல்ல அடி" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அடி நல்லதா கெட்டதா என்று விதி எங்குமே கேட்பதில்லை.

இதில் மிகவும் கசப்பானது டிவட் குழி. ஒருவர் அடிக்கும்போது மட்டை பெயர்த்தெடுக்கும் புல் பத்தையின் பள்ளத்துக்குத்தான் அந்தப் பெயர். ஃபேர்வேயின், அதாவது குழியை நோக்கிப் போகும் புல் வெட்டிய பாதையின், நடுவில், சரியான இடத்தில் விழுந்த பந்து அதில் இறங்கினாலும் நிவாரணம் இல்லை. 1998ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில், முன்னணியில் இருந்த பேய்ன் ஸ்டூவர்ட்டின் பந்து பன்னிரண்டாம் குழிக்கான ஃபேர்வேயில் மணல் நிரப்பிய டிவட் குழிக்குள் கிடந்தது. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், அந்தப் பன்னிரண்டாம் குழியில் அவர் ஓர் அடியை இழந்தார். போட்டியையும் ஓர் அடியில் இழந்தார். இந்த நிகழ்ச்சியைச் சொல்லி விதி அநியாயமானது என்று வாதிடுவோர் பலர். ஆனால் அதே நாளின் மற்றொரு பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று வென்ற லீ ஜான்சனின் பந்து ஐந்தாம் குழியில் ஒரு சைப்ரஸ் மரத்தில் சிக்கிக்கொண்டது. பந்து தொலைந்ததென்று கருதி அவர் மறுபடி அடிக்கத் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது, அது தானாகக் கீழே விழுந்தது. அவர் அந்தக் குழியில் எதையும் இழக்காமல் தப்பினார். மரத்திலிருந்து விழுந்த பந்தைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். கெட்ட அதிர்ஷ்டத்தை மட்டும் விதி சரிசெய்ய வேண்டும், நல்ல அதிர்ஷ்டத்தை நாம் வைத்துக்கொள்ளலாம் என்பது நியாயம் ஆகாது.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. புல் பாதி வளர்ந்து மூடிய பள்ளம் டிவட் குழியா, வெறும் மேடுபள்ளமா? அதைத் தீர்மானிக்கப் போவது ஆடுபவரே. தன் பந்து கிடக்கும் பள்ளத்தைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லும்போது, எவ்வளவு நேர்மையானவருக்கும் கண் கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்துவிடும். நடுவர் உடன் வராத ஆட்டத்தில் அந்தச் சாய்வுக்கு இடம் வைக்காமல் இருப்பதே எல்லாருக்கும் செய்யும் நியாயம் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது தவறு கையாலும் காலாலும் செய்வது. பந்துக்குப் பின்னால் மண்ணை மிதித்து அமுக்குதல், பந்துக்கு முன்னே பெயர்ந்து கிடக்கும் பத்தையைப் பள்ளத்தில் திரும்ப வைத்தல், ஓங்கும்போது இடிக்கும் கிளையை ஒடித்தல் ஆகிய எல்லாம் ஆடும் நிலைமையைச் சீராக்குவதாகும். அதற்கு இரண்டு அடி அபராதம், எதிராளியோடு குழிக்குக் குழி ஆடும் ஆட்டத்தில் அந்தக் குழியே போய்விடும். மட்டையைப் பந்துக்குப் பின்னால் லேசாகத் தரையில் வைக்கலாம், அழுத்தக்கூடாது. மலைநகரத்தில் ஆடிய நாட்களில், அடர்ந்த புல்லில் கிடந்த பந்துக்குப் பின்னால் மட்டையை ஒருமுறைக்கு மூன்று முறை வைத்து வைத்து எடுத்தேன். புல் படிந்து பந்து தெளிவாகத் தெரிந்தது. உடன் ஆடியவர் மெதுவாக வந்து, "சார், இது தப்பு" என்றார். கெட்ட எண்ணத்தோடு நான் செய்யவில்லை என்பது உண்மைதான்; ஆனால் விதி எண்ணத்தைப் பார்ப்பதில்லை, புல் படிந்ததைப் பார்க்கிறது. இரண்டு அடியைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்றாவது, எது தளர்ந்த பொருள், எது நிலத்தின் பகுதி என்று குழம்புவது. உதிர்ந்த இலை, சுள்ளி, கல், ஆட்டுப் புழுக்கை, எறும்பு கூட்டி வைத்த மண் ஆகிய எல்லாவற்றையும் அகற்றலாம், பந்து மட்டும் அசையக்கூடாது. மணலும் உதிரி மண்ணும் அப்படியல்ல; குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில் மட்டுமே அவற்றைத் துடைக்கலாம். குதிரைமொழித் தேரிப் பக்கம் போய் ஒரு நாள் ஆடியபோது எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இதில்தான் தவறினார்கள். சிவந்த மணலில் பந்து பாதி புதைந்ததும், "பதிந்த பந்துக்கு நிவாரணம் உண்டே" என்றார்கள். 2019ஆம் ஆண்டு விதிகள் திருத்தப்பட்டபோது, ஃபேர்வேயில் மட்டுமல்லாமல், கிரீன், மணல் பள்ளம், நீர்நிலை போன்றவை நீங்கலான பொதுப் பகுதி முழுவதிலும் பதிந்த பந்துக்கு நிவாரணம் கிடைத்தது உண்மை. ஆனால் ஃபேர்வே அளவுக்குப் புல் வெட்டப்படாத இடத்து மணலில் பதிந்தால் அது கிடையாது. மேலும், பந்து தன்னுடைய அடியின் வேகத்தால் தானே உண்டாக்கிய பள்ளத்தில், ஒரு பகுதியாவது தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் அது "பதிந்த" பந்து. எருமைத் தடத்துக்குள் உருண்டு விழுந்த பந்து பதிந்ததல்ல.

எருமைத் தடத்துக்கும் எலி வளைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலங்கு தோண்டிய வளைக்கு, வளைக்குப் போகும் தேய்ந்த தடம் உட்பட, நிவாரணம் உண்டு. மிதித்ததனால் உண்டான தடம் தோண்டியது அல்ல. கிரீனில் குளம்புத் தடம் பதிந்திருந்தால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். மற்ற இடங்களில், போட்டிக் குழு அறிவித்தாலொழிய, அப்படியே அடிக்க வேண்டியதுதான். உடைமுள் புதருக்குள் பந்து போய்விட்டது, அங்கே ஓர் எலி வளையும் இருக்கிறது என்று மகிழ்வதும் வீண். முள்ளினால் எப்படியும் அடிக்க முடியாத பந்துக்கு வளையைக் காட்டி நிவாரணம் கேட்க முடியாது. பந்துக்கருகே நல்ல பாம்போ, குளவிக் கூடோ இருந்தால் நிவாரணம் உண்டு, சப்பாத்திக்கள்ளிக்கு இல்லை. விலங்கின் ஆபத்தை ஏற்கும் விதி செடியின் முள்ளை ஏற்பதில்லை என்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருந்தது.

ஆடுகளால் வரும் வழக்குகள் எங்களுக்கு அதிகம். மந்தை கடக்கும் வரையில் அடிக்காமல் காத்திருப்பது எங்கள் கண்டிப்பான பழக்கம். ஆனாலும் தனியாக மேயும் ஓர் ஆடு எங்கிருந்தாவது வந்துவிடும். உருண்டுகொண்டிருக்கும் பந்து தற்செயலாக ஆட்டின் மேல் பட்டுத் திசைமாறினால், நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். நின்றுவிட்ட பந்தை ஆடு தட்டிவிட்டால், பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஆனால் ஆடுதான் தட்டியது என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறத்தாழ உறுதியாக இருக்க வேண்டும். "தட்டியிருக்கும்" என்ற ஊகம் போதாது.

நான்காவது தவறு, நிவாரணம் என்றால் நல்ல இடம் என்று நினைப்பது. விதி காட்டுவது அந்தத் தடையிலிருந்து முழுமையாக விடுபடும் மிக அருகிலுள்ள புள்ளி. அது குழிக்கு நெருக்கமாக இருக்கக்கூடாது. அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட வேண்டும். அந்தப் புள்ளி கரம்பையிலோ முட்புதரின் ஓரத்திலோ அமையலாம். முதலில் பந்தைக் கையில் எடுத்துவிட்டுப் பிறகு அந்த இடத்தைப் பார்த்து மனம் மாறி, பழைய இடத்திலேயே வைத்து ஆடினால் ஓர் அடி அபராதம். ஆகவே பந்தைத் தொடுவதற்கு முன்பே போய் நின்று பார்த்துவிட வேண்டும்.

எந்த நிவாரணமும் இல்லாத இடத்திலும் வழி அடைபடுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீர்நிலை போன்ற தண்டனைப் பகுதி தவிர வேறெங்கும் தன் பந்தை ஆட இயலாதது என்று ஆடுபவரே அறிவிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓர் அடி அபராதத்துடன் முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம், குழியையும் பந்தையும் சேர்க்கும் நேர்கோட்டில் பின்னால் போகலாம், அல்லது பந்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், பக்கவாட்டில் போடலாம். அந்தத் தம்பியிடம் நான் சொன்னதும் இதுதான். அவன் யோசித்துவிட்டு அபராதம் வேண்டாமென்று கனமான மட்டையை எடுத்து வெட்டினான். தடத்தின் விளிம்பு உடைந்து பந்து முப்பது கெஜம் நகர்ந்தது.

இவ்வளவு சொன்னதனால் விதிகள் மாறாதவை என்று கொள்வதும் தவறே. 2019ஆம் ஆண்டு பீனிக்ஸ் ஓப்பன் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ரிக்கி ஃபவுலர் நீரில் விழுந்த பந்துக்கு அபராதம் ஏற்று, முறைப்படி வேறு பந்தை வைத்துவிட்டுக் கிரீனைப் பார்க்க மேலே நடந்தார். யாரும் தொடாமலே அந்தப் பந்து உருண்டு மீண்டும் நீரில் விழுந்தது; அன்றைய விதிப்படி மேலும் ஓர் அடி அபராதம். அவர் வாதிடாமல் ஏற்றுக்கொண்டு, அந்தப் போட்டியை வென்றார். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இப்படிப் போட்ட அல்லது வைத்த பந்து இயற்கை விசையால் மைதானத்தின் வேறொரு பகுதிக்கு உருண்டால், அபராதமின்றித் திரும்ப வைக்க வேண்டும் என்று மாற்றினார்கள். இங்கே ஆடுபவர் எதையும் ஊகித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பந்து வைக்கப்பட்ட இடம் தெரியும், போன இடமும் தெரியும். டிவட் குழிக்கு இல்லாத தெளிவு இதற்கு இருந்தது.

ஆட்டம் நடக்கும்போது நண்பர்கள் கூடிச் சலுகை பேசிக்கொள்வதுதான் எங்களிடம் நான் கண்ட கடைசித் தவறு. தெரிந்தே ஒரு விதியை விட்டுவிடச் சேர்ந்து ஒப்புக்கொள்வது தகுதியிழப்புக்குரியது. மைதானத்தின் நிலை சரியில்லை என்றால், குழு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த இடத்தைப் பழுதுபார்ப்பு நிலமாக அறிவிக்கலாம். ஃபேர்வேயில் பந்தை எடுத்துத் துடைத்து அருகில் வைத்துக்கொள்ள உள்ளூர் விதியும் கொண்டுவரலாம். நாங்கள் எட்டுப் பேரும் மடைக்கருகில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து எங்கள் குளத்துக்கு ஒரு தாள் எழுதினோம். கரம்பை வெடிப்புக்குள் இறங்கிய பந்துக்கு அபராதமின்றி நிவாரணம், ஏனென்றால் வெடிப்புக்குள் கைவிட்டால் தேள் இருக்கும். குளம்புத் தடத்துக்கு இல்லை, ஏனென்றால் அது குளம் முழுவதும் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கிறது. இரண்டாவதற்கு முதலில் கை தூக்கியவன் அந்தத் தம்பிதான்.