எல்லாவற்றுக்கும் ஒரே முடிச்சா? கயிறு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயிறு கட்டப் பலருக்கும் தெரிந்தது ஒரே வழிதான்: ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. சுமை கட்டவும் அதுவே, நீளம் போதாத கயிற்றுக்கு ஒட்டுப்போடவும் அதுவே. கட்டு அவிழ்ந்தால் கயிற்றைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தப்பு, வேலைக்குப் பொருந்தாத முடிச்சில்தான் இருக்கிறது.

அந்த இரட்டை முடிச்சிலேயே இரண்டு வகை உண்டு. இரண்டாவதை எதிர்ப்பக்கமாகப் போட்டால் ரீஃப் முடிச்சு. அதே பக்கமாகப் போட்டால் கிரானி முடிச்சு. இது வழுக்கும், சில சமயம் பிரிக்க முடியாதபடி இறுகியும் போகும். நீங்கள் போடுவது எது என்று தெரிய உங்கள் ஷூ லேஸைப் பாருங்கள். முடிச்சின் இரண்டு காதுகளும் ஷூவுக்குக் குறுக்கே படுத்திருந்தால் ரீஃப். நீளவாக்கில் திரும்பியிருந்தால் கிரானி.

சரி, ரீஃப் என்றால் எதற்கும் ஆகுமா? ஆகாது. பாய்மரத்தில் பாயைச் சுருட்டிக் கட்டவும், காயக்கட்டு, பார்சல் போன்றவற்றுக்கும் ஏற்ற முடிச்சு அது. இரண்டு கயிறுகளை இணைத்துச் சுமை ஏற்ற அதை நம்பவே கூடாது. ஒரு நுனியை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்: அந்தக் கயிறு நேராகிவிடும், மற்றது அதன்மேல் வெறும் சுற்றாக நின்று உருவிக்கொண்டு வந்துவிடும். நான் இதை எல்லோருக்கும் செய்துகாட்டச் சொல்வேன். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இணைப்பதற்கு ஷீட் பெண்ட் நல்லது. தடித்த கயிற்றை மடித்துக்கொண்டு, மெல்லிய கயிற்றை அந்த மடிப்புக்குள் கீழிருந்து மேலே விட்டு, மடிப்பின் இரு காலையும் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே செருக வேண்டும். நைலான் கயிறானால் இரண்டு சுற்று.

கம்பத்தில் கட்ட க்ளோவ் ஹிட்ச் (கயிற்றைக் குறுக்காக இரண்டு முறை சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்கு அடியில் செருகும் முடிச்சு) போடுவது சுலபம். ஆனால் கம்பம் உருண்டாலோ, சுமை ஆடினாலோ அது தளர்ந்துவிடும். அதற்குப் பதில் கம்பத்தை இரண்டு முறை சுற்றி, இழுபடும் பக்கத்துக் கயிற்றின்மேல் ஒரே திசையில் இரண்டு அரைமுடிச்சு போட்டால் நிற்கும். சுமை தொங்கும்போதே அவிழ்க்கவும் முடியும்.

இறுகாத வளையம் வேண்டிய இடத்தில் உருவாஞ்சுருக்கு போடுவது ஆபத்தான தவறு. விலங்கின் கழுத்தில் அது இழுக்க இழுக்க நெரிக்கும். அங்கே இழுத்தாலும் சுருங்காத வளையம் தரும் போலைன் முடிச்சைப் போடுங்கள். ஆனால் சுமை இருக்கும்போது போலைனை அவிழ்க்க முடியாது. இழுவை இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் தானாகத் தளரும். ஆள் தொங்கும் கயிற்றுக்கு, பயிற்சி பெற்றவர் சரிபார்க்காத எந்த முடிச்சும் வேண்டாம்.

அப்புறம், நுனியை ஒட்ட வெட்டாதீர்கள். கயிற்றின் தடிமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு நீளம் வெளியே நிற்கட்டும், 10 மி.மீ. கயிற்றுக்கு 10 செ.மீ. முடிச்சின் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நீவி, எல்லாப் பக்கமும் இழுத்து இறுக்கிய பிறகே சுமையை ஏற்றுங்கள்.