கிளட்ச் மாற்றிவிட்டு கியர்பாக்ஸ் ஏற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

கிளட்ச் வேலையில் கியர்பாக்ஸை இறக்குவது பெரிய விஷயமில்லை. போல்ட்டுகளைக் கழற்றி நெம்பினால் அது தன் எடைக்குத் தானே இறங்கிவிடும். ஏற்றும்போதுதான் வம்பு. கியர்பாக்ஸிலிருந்து நீட்டியிருக்கும் தண்டு, அதாவது இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்துவிட்டது போலவே இருக்கும், ஆனால் இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி மட்டும் மூடவே மூடாது. கை கடுக்கும், கண்ணில் மண் உதிரும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: நாலு போல்ட்டை மாட்டி முறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளாதா?

இழுத்துக்கொள்ளும். நான் முதல் முறை ஒரு பழைய மாருதி 800-இல் அதைத்தான் செய்தேன். ராட்செட்டில் முறுக்க முறுக்க இடைவெளி குறைந்தது, எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். பெல் ஹவுசிங்கின் காது ஒன்று உடைந்து போல்ட்டோடு தொங்கியது. ஹவுசிங் அலுமினிய வார்ப்பு, வளைந்து கொடுக்காது, நேராக உடையும். மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, ஆர்கான் வெல்டிங் வைத்துக் கொண்டுவரும் வரை வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது.

போல்ட் வேலை கடைசியில் இறுக்குவது மட்டும்தான், இழுப்பது அல்ல. டவல் (இன்ஜின் முகத்தில் நீட்டியிருக்கும் குழல் போன்ற துண்டு) இரண்டும் தம் துளைகளில் ஏறி, ஹவுசிங் முகம் இன்ஜின் முகத்தோடு சுற்றிலும் ஒட்டிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இடைவெளி மூடவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். எது என்பதை அந்த இடைவெளியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கியர்பாக்ஸின் வால் பக்கம் தொங்குகிறது, ஜாக்கியை அந்தப் பக்கம் நகர்த்தி வாலைத் தூக்க வேண்டும். கீழே அகலமாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின்தான் சாய்ந்திருக்கும். மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜினின் கியர்பாக்ஸ் பக்கம் தழைந்துவிடுவது வழக்கம். சம்புக்கு (இன்ஜினின் ஆயில் தொட்டி) அடியில் அகலமான மரக்கட்டை வைத்து இரண்டாவது ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். கட்டை இல்லாமல் நேராக ஜாக்கியை வைத்தால் சம்பு தகடு உள்ளே அமுங்கிவிடும்.

இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இருந்தால் சிக்கல் நடுவில் இருக்கிறது. ஷாஃப்டிலும் பிளேட்டின் நடுத்துளையிலும் உள்ள ஸ்பிளைன் வரிகளின் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டிருக்கலாம். கியர்பாக்ஸை ஒரு கியரில் போட்டுவிட்டு, இன்னொருவரை இன்ஜினின் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி இறுகும் திசையில் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பாக்ஸை லேசாக உள்ளே தள்ளியபடி இருந்தால், பல் பொருந்தும் இடத்தில் 'லபக்' என்று உள்ளே போகும். போகவில்லையா? அப்படியானால் கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லை. தள்ளிப் பிரயோஜனம் இல்லை, இறக்கித்தான் ஆக வேண்டும்.

பிளேட்டை மையப்படுத்தாமல் அதை ஃபிளைவீலோடு (இன்ஜினின் கனமான சுழல் சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்குவது எனக்குத் தெரிந்து அதிகம் பேர் செய்யும் தவறு. இறுக்கிய பிறகு பிளேட் நடுவில் கவ்விக்கொண்டு நகராது. ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலே ஷாஃப்ட் மக்கர் பண்ணும். இதற்கென்று பிளாஸ்டிக்கில் சென்டரிங் டூல் கிடைக்கிறது, பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று பட்டறையில் கிடந்தால் அது இன்னும் நல்லது. கண் மதிப்பில் செய்து ஒரே தடவையில் ஏற்றுகிற கைதேர்ந்த மெக்கானிக்குகளும் உண்டு. நமக்கு எதற்கு அந்தப் பந்தயம்? பிரஷர் பிளேட் போல்ட்டுகளையும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். இல்லாவிட்டால் கவர் கோணிவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று: பிளேட்டைத் திருப்பி மாட்டிவிடாதீர்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் நடக்கும். பொதுவாக நடுவில் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பல பிளேட்டுகளில் 'ஃபிளைவீல் சைடு' என்று பொறித்தே வருகிறது. திருப்பி மாட்டினால் பல வண்டிகளில் கியர்பாக்ஸ் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறிவிடும். எல்லாம் முடித்து, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி கிளட்சை மிதித்தால்தான் கியர் விழாமல் கறகறவென்று கத்தும். பிளேட்டின் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டுகளில் உரசுவதுதான் காரணம். ஒரு நாள் உழைப்பு போச்சு.

சரி, ஏற்றும் வேலைக்கு வருவோம். சின்ன காரின் கியர்பாக்ஸே சுமார் பாதி சிமெண்ட் மூட்டை எடை இருக்கும். ஷாஃப்ட் முனை பிளேட்டில் நுழைந்ததும், 'அப்பாடா, பிடித்துக்கொண்டது' என்று கையை விட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடப் போகிறவர்கள் உண்டு. அந்த நிமிடம் மொத்த எடையும் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டில் தொங்குகிறது. பிளேட் துளி கோணினாலும் போதும், புது கிளட்ச் முதல் நாளே உதறும், அல்லது மிதித்தும் முழுசாக விடாது. டிராலி ஜாக்கியில் சாக்கு மடித்துப் போட்டு அதன் மேல் பாக்ஸை உட்கார வைத்து ஏற்றுங்கள். வண்டி எப்போதும் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவ் கழற்றியே இருக்கட்டும்.

ஒரு சின்ன உபாயம் என் வேலையைப் பாதியாகக் குறைத்தது. அதே த்ரெட் உள்ள நீள போல்ட் இரண்டை வாங்கித் தலையை அறுத்துவிட்டு, முனையில் ஸ்குரூடிரைவர் பிடிக்க ஒரு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜினின் இருபக்கத் துளைகளில் அவற்றைக் கையால் திருகி வைத்தால், கியர்பாக்ஸ் தண்டவாளத்தில் வருவது போல அவற்றின் மேல் வழுக்கி வரும். கோணமும் தவறாது, பிளேட்டில் எடையும் விழாது. மற்ற போல்ட்டுகளைப் போட்ட பிறகு இவற்றைக் கழற்றிவிட்டு உண்மையான போல்ட்டை மாட்டலாம்.

டவல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜின் முகத்தில் இருக்கும் அந்த இரண்டு குழல் போன்ற துண்டுகள்தான் ஷாஃப்டையும் கிராங்கையும் ஒரே நேர்கோட்டில் வைப்பவை. இறக்கும்போது ஒன்று கழன்று கியர்பாக்ஸோடு போயிருக்கும், அல்லது தரையில் உருண்டிருக்கும். அது இல்லாமலும் போல்ட் ஏறும், வண்டியும் ஓடும். ஆனால் ஷாஃப்ட் நேராக நிற்காததால் பிளேட்டின் நடு ஸ்பிளைனும் பேரிங்கும் சீக்கிரமே தேய்ந்துபோகும். ஏற்றுவதற்கு முன் இரண்டும் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் கூடாது. ஸ்பிளைனில் தடவி, பிளேட்டை ஒரு முறை முன்னும் பின்னும் ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். அப்பியதெல்லாம் சுழற்சியில் தெறித்து பிளேட்டின் உராயும் லைனிங்கில்தான் போய் விழும். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியே அனுப்புகிறார்கள், அதை பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டக் கூடாது. துடைக்க ஏற்கெனவே கை துடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்தால் துடைத்ததற்கு அர்த்தமே இல்லை. ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) மட்டும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ போட்டுக் கழுவாதீர்கள். உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் கரைந்து போனால், சில நாளிலேயே மிதிக்கும்போதெல்லாம் அது அழும்.

வயர்கள் ஹவுசிங்குக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச் வயரை மேலே கட்டிவிட்டு ஏற்றுங்கள். எர்த் வயரை மறந்தால் விளைவு விசித்திரமாக இருக்கும்: ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சூடாக்கிப் பொசுக்கும். கேபிளில் புகை வந்தால் கேபிளைக் குறை சொல்லாமல் எர்த்தைப் பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில், பாக்ஸ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலிண்டரின் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலைத் திரும்ப நுழைக்கும்போது ஸ்பிளைன் முனை ஆயில் சீலின் உதட்டைக் கிழிக்கும். நேராக, தாங்கிப் பிடித்து விடுங்கள், உள்ளே சர்க்ளிப் (பூட்டு வளையம்) உட்காரும் 'கிளிக்' கேட்க வேண்டும். இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. அப்புறம் ஆயில். வடித்ததை ஊற்ற மறந்து வண்டியை எடுத்தவர்கள் கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், போதும். கம்பெனி ஜிஎல்-4 தர கியர் ஆயில் சொல்லியிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 நம்பரில் பெரியது என்பதற்காக ஊற்றினால், அதிலுள்ள கூட்டுப்பொருள்கள் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வண்டியை இறக்கும் முன், சக்கரம் தூக்கிய நிலையிலேயே ஸ்டார்ட் பண்ணி ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் கறகறத்தால் உடனே நெஞ்சு படபடத்து எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். ஆல்ட்டோ போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் முதலில் கிளட்ச் கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைப் பாருங்கள், புது பிளேட்டின் தடிமனுக்குப் பழைய அட்ஜஸ்ட்மென்ட் பொருந்தாது. போன தடவை நான் பாக்ஸை இறக்கத் துணிந்து ஸ்பேனரையும் எடுத்துவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து அந்த நட்டை இரண்டு சுற்று திருகினார். ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது.