பவர் கேபிள் மாற்றினால் பாட்டு மாறுமா? ஆம்ப் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஆம்ப்ளிபயர் சர்வீஸ் செய்கிறேன். பழைய ஸ்டீரியோ ஆம்ப்களைத் தேடிப் பிடித்து வாங்கும் இளவட்டங்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள், அதுவும் பல மடங்கு விலை கொடுத்து. ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஆம்ப் மேல் துணி விரிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காசைக் கொட்டி பவர் கேபிள் வாங்குவது

அம்மாப்பேட்டையில் ஒரு வீடு. நல்ல ஆம்ப், நல்ல ஸ்பீக்கர். அந்தத் தம்பி முப்பதாயிரத்துக்குப் பக்கமாகக் கொடுத்து ஒரு பவர் கேபிள் வாங்கியிருந்தார். கட்டைவிரல் தடிமன், மேலே கறுப்பு வலைப் பின்னல், இரண்டு முனையிலும் தங்க முலாம். "அண்ணா, மாட்டினதும் பேஸ் நல்லா இறுகிடுச்சு. ஹம் மட்டும் போகல" என்றார். பேஸ் என்றால் பாட்டின் அடித்தள ஒலி; ஹம் என்றால் ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் "ம்ம்" என்ற இரைச்சல்.

மெயினை அணைத்துவிட்டுச் சுவர் சாக்கெட்டைக் கழற்றினேன். ஃபேஸ் திருகு தளர்ந்து, வயரின் மேல்தோல் பழுப்பேறிக் கருகியிருந்தது. அத்தனை விலை கொடுத்த கேபிள் போய் முடிவது அந்தக் கருகிய திருகில்! ஹம்முக்குக் காரணம் வேறு. செட்டாப் பாக்ஸில் இருந்து கேபிள் டிவி வயரைப் பிடுங்கியதும் ஹம் நின்றுவிட்டது. தெருவில் கேபிள் டிவி லைனுக்கு ஓர் எர்த், வீட்டுக்கு வேறு எர்த். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம், டிவியில் இருந்து ஆம்புக்கு வரும் ஆடியோ வயரின் ஷீல்டு (வயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் ஹம்மாகக் கேட்கிறது. ஆம்பில் ஆப்டிகல் இன்புட் இருந்தால், தாமிரம் இல்லாமல் ஒளி வழியே ஒலியைக் கடத்தும் ஆப்டிகல் வயரில் டிவியையும் ஆம்பையும் இணைத்தால் தீர்ந்தது. சில நூறு ரூபாய் வேலை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆம்போடு வரும் சாதாரண 0.75 சதுர மில்லிமீட்டர் கேபிள், ஒன்றரை மீட்டர் நீளம். போக வர 3 மீட்டர் தாமிரம். அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.08 ஓம். ஆம்ப் 1 ஆம்பியர் இழுத்தால் கேபிளில் இழக்கும் வோல்டேஜ் 0.08. ஆனால் மின்வாரியம் தரும் 230 வோல்ட்டிலேயே 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று விதி இருக்கிறது. அதாவது 216 முதல் 244 வரை. அம்மாப்பேட்டை, குகை பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், தறிகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எப்படி ஆடும் என்று. அதையே தாங்கி ஓடும் ஆம்புக்கு 0.08 வோல்ட் ஒரு பொருட்டா?

தெரு டிரான்ஸ்பார்மரில் இருந்து கம்பம் கம்பமாக அலுமினியக் கம்பியில் வருகிறது கரண்ட். அப்புறம் மீட்டர், எம்சிபி, சுவருக்குள் வீட்டு வயரிங். ஆம்புக்கு உள்ளே போனால் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி சுற்றில் மட்டும் பல பத்து மீட்டர் மெல்லிய தாமிரக் கம்பி, சில ஓம் ரெசிஸ்டன்ஸ். இதற்கெல்லாம் நடுவில் ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றி என்ன செய்ய? மேட்டூரில் இருந்து குழாயில் வரும் தண்ணீரை செவ்வாய்ப்பேட்டை வெள்ளி டம்ளரில் பிடித்தாலும் அதே தண்ணீர்தான்.

"ஷீல்டு இருக்கே, நாய்ஸ் வராதே" என்பார்கள். எல்இடி பல்பு, இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் நாய்ஸ் கிளப்புவது உண்மை. ஆனால் அது ஃபேஸ், நியூட்ரல் வயர்களுக்கு உள்ளேயே சேர்ந்து வருகிறது. மேலே சுற்றிய ஷீல்டு அதை எப்படித் தடுக்கும்? அதைப் பெருமளவு அடக்குவது ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரும் ஃபில்டர் கெபாசிட்டர்களும்தான்.

சரி, அந்தத் தம்பிக்கு பேஸ் இறுகியது எப்படி? அவர் பொய் சொல்லவில்லை. கேபிள் மாற்றும்போது எல்லா ப்ளக்கையும் பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகுகிறோம். பின்னில் படிந்த களிம்பு உரசிப் போகிறது, தளர்ந்த கான்டாக்ட் சரியாக உட்காருகிறது. வால்யூமும் முன்பு வைத்த இடத்தில் அப்படியே நிற்பதில்லை. துளி கூடினாலும் நம் காதுக்கு அது தெளிவாகத்தான் படும். இவ்வளவு செலவழித்த மனசும் வித்தியாசத்தைத் தேடும். வீட்டில் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்றியும் மாற்றாமலும் வைக்கச் சொல்லுங்கள். வால்யூமைத் தொடக் கூடாது. எந்தக் கேபிள் என்று ஒவ்வொரு முறையும் தாளில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்த பிறகு, மாற்றியவர் குறித்து வைத்ததோடு உங்கள் தாளைச் சரிபாருங்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். அந்தப் பணத்தில் வீட்டு எர்த்தைச் சரிசெய்து, சாக்கெட்டை மாற்றி, வெறும் சுவராக எதிரொலித்துக் கிடந்த அந்த ஹாலுக்குக் கனமான திரைச்சீலையும் ஜமக்காளமும் வாங்கியிருந்தால், அந்த ஸ்பீக்கர் எப்படிப் பாடியிருக்கும்! விற்கிறவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

பவர் கேபிளை மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. தோல் வெடித்திருந்தால், தொட்டால் சுட்டால், ஆம்பின் பின்பக்கம் லொடலொடவென்று ஆடினால், உள்ளே எர்த் வயரே இல்லாத மலிவு கேபிளாக இருந்தால் உடனே மாற்றுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள மூன்று பின் கேபிள் போதும்.

ஹம் போக எர்த் பின்னை உடைப்பது

செய்யவே செய்யாதீர்கள். ஹம் நிற்கும், உண்மைதான். ஆனால் நாளைக்கு டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷன் போய் ஃபேஸ் பாடியில் இறங்கினால், அந்தக் கரண்ட் போக வேறு வழி இருக்காது. ஆம்பைத் தொடுகிற பிள்ளை மூலமாகத்தான் போகும். மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது? செருகும்போது முதலில் சேர வேண்டியதும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டியதும் அதுதான் என்பதால். ஹம் வந்தால் எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள், பிறகு வெளியில் இருந்து வரும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர்க் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும்; அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எல்லா ஹம்மும் ஒன்று என்று நினைப்பது

வால்யூமைக் குறைத்தாலும், இன்புட் வயர் அத்தனையும் கழற்றினாலும் விடாமல் கரகரவென்று வருவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கிறது. சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

சின்ன ஸ்டெபிலைசரில் பெரிய ஆம்ப்

வேண்டாம்.

ஏற்காட்டில் இடி

மலையில் வீடு இருப்பவர்கள் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். வானம் இருட்டத் தொடங்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆன்டெனா வயர், டிஷ் வயர், இன்டர்நெட் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு எதையும் தொடப் போகாதீர்கள்.