பச்சை இஞ்சியில் செய்யக்கூடாதவை

மண் போகக் கழுவ வேண்டும், சுருங்கிப்போனதை வாங்கக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். புதிதாகச் சமைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு.

பால் திரிந்தால் பாலைத் திட்டுவது

இஞ்சி டீ திரிந்துவிட்டால் பால் கெட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். அதிலும் அதேபோல இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்கள், அதுவும் திரிகிறது. நல்ல பால் இப்படி வீணாவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். பாலாடைக்கட்டிக்குச் சேர்க்கும் ரென்னெட் போலவே பாலை உறையவைக்கும். சுமார் 60 டிகிரி செல்சியஸில் மும்முரமாக வேலை செய்யும். 70 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கும், கொதித்தால் அழிந்துவிடும். ஆறிய பாலில் இஞ்சியைப் போட்டுச் சிறு தீயில் வைத்தால், பால் அந்த 60 டிகிரியைச் சாவகாசமாகக் கடக்கிறது. கட்டிகட்டியாகப் பிரிய அந்த அவகாசம் போதும்.

2 கப் டீக்கு ஓர் அங்குல இஞ்சி போதும். தட்டி, முதலில் தண்ணீரில் போட்டு 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு டீத்தூள், அதன்பின் பால். வெறும் பாலில்தான் போட வேண்டும் என்றால், பால் பொங்கிய பிறகு போட்டு மேலும் 2 நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்து, பால் சற்று ஆறியதும் சாறு பிழிவது இருப்பதிலேயே மோசமான நேரம். ஃப்ரீசரில் வைத்த விழுது என்றாலும் கதை இதேதான், குளிர் நொதியை அழிப்பதில்லை. (சூடான பாலை இஞ்சிச் சாற்றின்மேல் ஊற்றி, அசைக்காமல் உறையவைக்கும் இனிப்பும் இருக்கிறது. அது தெரிந்தே செய்வது.)

தயிரில் பச்சைத் துருவல் கலந்து வெகுநேரம் வைத்தால் கசப்பு ஏறுவதும் இதே நொதியால்தான். பரிமாறும் நேரத்தில் கலக்குங்கள். பச்சை இஞ்சிச் சாறு விட்டால், ஜெலட்டின் சேர்த்த இனிப்பும் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். ஜெலட்டினும் புரதம்தானே! சாற்றை 2, 3 நிமிடம் கொதிக்கவைத்து ஆறியபின் சேர்க்கலாம், அல்லது அகர் அகருக்கு மாறலாம். அது புரதம் இல்லை, நொதி அதைத் தொடாது.

கறியை இஞ்சியில் ராத்திரி முழுக்க ஊறவைப்பது

அதே நொதியால் மேற்பரப்பு கூழாகிவிடும். கோழிக்கு 1 முதல் 2 மணி நேரம், மீனுக்கு 15 நிமிடம். ராத்திரியே ஊறப்போட வேண்டுமென்றால் மற்ற மசாலாவைத் தடவி வையுங்கள், இஞ்சியைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்க்கலாம்.

நாரின் போக்கில் நறுக்குவது

குறுக்கே வெட்டுங்கள்.

விழுதைப் புகையும் எண்ணெயில் கொட்டுவது

விழுதில் ஈரம் இருப்பதால் தெறிக்கும். ஈரம் வற்றியதும் அடியில் ஒட்டிக் கருகும், கருகினால் கசக்கும். வெங்காயம் பாதி வதங்கியதும் தீயைக் குறைத்து விழுதைச் சேர்த்து, பச்சை வாசனை போய் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். நெடுநேரம் வேகும்போது காரம் தணிந்து லேசான இனிப்பு வரும், ஏனென்றால் பச்சை இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சரால், சூட்டில் காரம் குறைந்த ஜிஞ்சரோனாக மாறுகிறது. சுறுசுறு காரமும் வேண்டுமா? மெல்லிய குச்சிகளாக நறுக்கியதை இறக்கும்போது தூவுங்கள்.

வேகாத இஞ்சியைப் பாகில் போடுவது

சர்க்கரை ஏறிய பிறகு இஞ்சி மேற்கொண்டு மெத்தென்று ஆகாது. எத்தனை நேரம் கொதித்தாலும் கடிக்க நார்தான். தோல் சீவிய அரை கிலோ இஞ்சியை 3 மில்லிமீட்டர் வில்லைகளாக்கி, கத்தி முனை இலகுவாக இறங்கும்வரை தண்ணீரில் வேகவிடுங்கள். முற்றிய இஞ்சிக்கு 40 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். காரம் அதிகமென்றால் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றலாம். அதன்பிறகே அரை கிலோ சர்க்கரையும், வேகவைத்த தண்ணீரில் ஒரு கப்பும்.

துருவலுக்குப் பதில் அதே அளவு சுக்குப் பொடி

வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி துருவலுக்குக் கால் தேக்கரண்டி பொடி. மணம் மாறும், காரமும் வேறு மாதிரி இருக்கும்.