ரைசர் கேபிள் வாங்குமுன்: உங்கள் போர்டு 3.0-ஆ, 4.0-ஆ, 5.0-ஆ?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மேசையில் இடம் மிச்சப்படுத்தச் சின்னக் கேஸ் வாங்கினால், பல சமயம் ரைசர் கேபிளும், அதாவது கிராஃபிக்ஸ் கார்டை மதர்போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிளும், சேர்ந்தே வரும். அதன் முனை எந்தத் தலைமுறை எக்ஸ்16 ஸ்லாட்டிலும் (16 லேன், அதாவது தரவு ஓடும் 16 பாதைகள் கொண்டது) உட்காரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உருவம் ஒன்றுதான், வேகம் வேறு. கார்டையும் போர்டையும் இணைக்கும் தரநிலையான பிசிஐஇ-யின் 3.0 தலைமுறையில் ஒரு லேனுக்கு நொடிக்கு 8 கிகாடிரான்ஸ்ஃபர், 4.0-இல் 16, 5.0-இல் 32.

எந்த வேகத்தில் ஓடுவது என்பதைப் பிராசசரும் கார்டும் தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. சாதாரண ரைசர் கேபிளில் சிப் எதுவும் இல்லை. அந்தப் பேச்சில் அதற்கு வாயே கிடையாது. இரு பக்கமும் 4.0 என்றால் 4.0-க்குத்தான் போகப் பார்க்கும், நடுவில் இருப்பது 3.0 கேபிள் என்று இரண்டுக்கும் தெரியாது. விளைவு: கறுப்புத் திரை, அல்லது விண்டோஸ் வந்தபின் விளையாட்டு நடுவே உறைந்து போவது.

ஆகவே கணக்கு இதுதான்: போர்டு, பிராசசர், கார்டு மூன்றில் எது மிகக் குறைவோ, அதற்குச் சமமாகவோ மேலாகவோ கேபிள் இருக்க வேண்டும். பி450 போர்டில் 4.0 கேபிள் தாராளமாக ஓடும், 3.0 வேகத்தில். இசட்790 போர்டின் ஸ்லாட் 5.0 ஆனாலும் ஆர்டிஎக்ஸ் 4090 ஒரு 4.0 கார்டுதான், 4.0 கேபிள் போதும். ஆர்டிஎக்ஸ் 5080, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போன்ற 5.0 கார்டுகளை 5.0 போர்டில் போடும்போதுதான் பழைய 4.0 கேபிள் தகராறு செய்யும்.

பிராசசரை மறந்துவிடாதீர்கள். பி550 போர்டு 4.0 தான், ஆனால் ரைசன் 5600ஜி 3.0-ஐத் தாண்டாது. அதோடு 3.0 கேபிள் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடும். பிறகு 5800எக்ஸ்3டி மாற்றிய அன்றே திரை வராது; பழி புதிய பிராசசர் மேல் விழும். இன்டெல் பக்கத்தில் இதே கண்ணி சில இசட்490 போர்டுகளில்: 10-ஆம் தலைமுறை பிராசசர் 3.0, 11-ஆம் தலைமுறை 4.0. ஏஎம்டியில் பி650 போர்டுகளின் கிராஃபிக்ஸ் ஸ்லாட் பெரும்பாலும் 4.0, பி650இ என்றால் 5.0.

கையில் இருப்பது 3.0 கேபிள்தான் என்றால் தூக்கிப் போட வேண்டாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது நுழையக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) ஸ்லாட்டின் வேகத்தை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஜென் 3’, அதாவது 3.0, ஆக்குங்கள். எம்எஸ்ஐ போர்டுகளில் இது செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், பிசிஐஇ சப்-சிஸ்டம் செட்டிங்ஸ் வழியில் இருக்கும். ஏஎம்டி சிப்செட் உள்ள ஏசுஸ் போர்டுகள் பலவற்றில் அட்வான்ஸ்ட், ஆன்போர்டு டிவைசஸ் கான்ஃபிகரேஷன். திரையே வராமல் பயாஸுக்குள் எப்படிப் போவது? கார்டைக் கேபிள் இல்லாமல் நேரே ஸ்லாட்டில் மாட்டி மாற்றுங்கள், அல்லது பிராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால் எச்டிஎம்ஐ கம்பியைப் போர்டில் செருகுங்கள். இரண்டுக்கும் வழியில்லையா, ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய 3.0 கார்டு ஒன்றை இரவல் வாங்கி அதே கேபிளில் மாட்டுங்கள். இணைப்பு தானாகவே 3.0-க்கு இறங்கித் திரை வந்துவிடும்.

எக்ஸ்16 கார்டு என்றால் 4.0-இலிருந்து 3.0-க்கு இறங்குவதால் போகும் வேகம் பெரும்பாலான விளையாட்டுகளில் ஓரிரு சதவீதம்தான். நான்கே லேன் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்றவற்றில் அடி பலமாக விழும்; அங்கே 4.0 கேபிளுக்குச் செலவழிப்பதே சரி.

மாட்டியபின் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், அது மின்சாரச் சிக்கனம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மை வேகம் தெரியும். அடுத்து விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ 17 எண் வன்பொருள் எச்சரிக்கைகள் குவிகின்றனவா பாருங்கள். குவிந்தால், படம் நன்றாகத் தெரிந்தாலும் சிக்னல் தடுமாறுகிறது. கேபிள் இழுபட்டு முனையின் ஒரு பக்கம் நூலளவு மேலே எழும்பியிருக்கலாம். கூர்மையாக மடித்திருந்தாலும் இதே கதை.

சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் வாங்கினாலும் கரோசல் செயலியில் வாங்கினாலும் எக்ஸ்16 என்ற சொல்லை நம்பி விடாதீர்கள், அது அகலம் மட்டுமே. தலைமுறை எண்ணைக் கேட்டு, கேபிளில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 2020-க்கு முந்திய கேஸோடு வந்த கேபிள் என்றால் 3.0 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம், 20 செ.மீ. எட்டும் இடத்தில் 30 செ.மீ. வாங்கினால் சிக்னல் அந்த அளவுக்கு வலுவிழக்கும். யுஎஸ்பி கம்பி வைத்த மைனிங் ரைசர் ஒரே லேன் தருவது, விளையாட்டுக்கு ஆகாது.

பயாஸை அப்டேட் செய்தாலோ போர்டின் அமைப்புகளைக் காக்கும் சிமோஸ் பேட்டரியைக் கழற்றினாலோ ‘ஜென் 3’ அமைப்பு மீண்டும் ‘ஆட்டோ’வுக்குப் போய்விடலாம். 3.0 கேபிளோடு ஓட்டுபவர்கள் அப்டேட்டுக்கு முன்பே பயாஸுக்குள் போக ஒரு வழியைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.